அன்றாட வாழ்வில் மனநலம்: ஓசூர்–கிருஷ்ணகிரி வட்டாரத்தை முன்வைத்து

மனநலம் என்பது மனநோய் இல்லாத நிலை மட்டும் அன்று. வாழ்க்கையின் வழக்கமான நெருக்கடிகளைத் தாங்கிக்கொள்ளவும், தன் திறனை அறிந்து உழைக்கவும், பிறரோடு இணைந்து வாழவும் ஒருவரால் முடிகிற நிலையே மனநலம் என்று உலக சுகாதார நிறுவனம் விளக்குகிறது. இந்த விளக்கத்தின்படி மனநலம் மருத்துவமனையில் தொடங்குவதில்லை. வீட்டிலும் வேலையிடத்திலும் தூக்கத்திலும் உறவிலும் அது ஒவ்வொரு நாளும் உருவாகிறது, அல்லது குலைகிறது.

உளச்சிகிச்சை அளிப்பவர்கள் தங்களிடம் வருவோரின் அன்றாட வாழ்வை எவ்வாறு பார்க்கிறார்கள், அதில் எதைச் சரிசெய்ய முயல்கிறார்கள், எந்த இடத்தில் மருத்துவ உதவி கட்டாயமாகிறது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. கர்நாடக எல்லையை ஒட்டிய கிருஷ்ணகிரி மாவட்டச் சூழல் இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

வட்டாரப் பின்னணி

கிருஷ்ணகிரி மாவட்டம் 2004-ஆம் ஆண்டு தருமபுரி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. மாவட்டத்தின் ஒரு முனையில் உள்ள ஓசூர், 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது முதல் வாகனம், உதிரிபாகம், கைக்கடிகாரம் எனப் பல தொழில்கள் வளர்ந்த நகரம். பெங்களூரு அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. மறுமுனையில், ஊத்தங்கரை வட்டத்தில் உள்ள கல்லாவியும் அதைச் சுற்றிய ஊர்களும் பெரும்பாலும் வேளாண்மையைச் சார்ந்தவை.

இந்த இரு முனைகளுக்கும் இடையே ஆயிரக்கணக்கானோரின் வாழ்க்கை நகர்கிறது. வீட்டில் நிலமும் ஆடுமாடும் இருக்கும். பிள்ளைகள் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்வார்கள். சிலர் நிறுவனப் பேருந்தில் தினமும் போய்வருகிறார்கள். சிலர் ஓசூரிலோ பெங்களூரிலோ நான்கைந்து பேரோடு அறை எடுத்துத் தங்கி, விடுமுறைக்கு மட்டும் ஊர் திரும்புகிறார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்று மொழிகளும் புழங்கும் பகுதி இது. வருமானம் கூடும் இதே மாற்றத்தில் தூக்க நேரமும் சாப்பாட்டு நேரமும் உறவினரோடு பேசும் நேரமும் கலைந்துபோகின்றன. மனநலத்தைப் பொறுத்தவரை இந்த மூன்றும் சிறிய இழப்புகள் அல்ல.

உடல் வழியாக வெளிப்படும் மனத்துயர்

மனத்துயர் எப்போதும் துயரமாகவே வெளிப்படுவதில்லை. தமிழ்ப் பேச்சு வழக்கில் மக்கள் 'எனக்கு மனச்சோர்வு' என்று சொல்வது அரிது. 'நெஞ்சு படபடங்குது', 'தலை பாரமா இருக்கு', 'உடம்பெல்லாம் அசதி', 'சோறு இறங்கல' என்றே சொல்கிறார்கள். இதனால் பலர் முதலில் பொது மருத்துவரிடமே செல்கின்றனர்.

எடுத்துக்காட்டாக, கல்லாவியிலிருந்து ஓசூருக்கு வேலைக்குச் சென்ற 24 வயது இளைஞர் ஒருவரைக் கற்பனையாகக் கொள்ளலாம். வாரம்தோறும் ஷிப்ட் மாறும் வேலை. அக்காவின் திருமணக் கடனுக்கு மாதத் தவணை. ஒரு நாள் இரவு வேலையில் திடீரென நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, உயிர் போய்விடும் என்ற பயம் வருகிறது. மருத்துவமனையில் எடுத்த ஈசிஜி இயல்பாக இருக்கிறது. 'உனக்கு ஒன்றுமில்லை' என்று அனுப்பிவிடுகிறார்கள். அவருக்கோ அந்தப் பயம் மீண்டும் மீண்டும் வருகிறது.

நெஞ்சுவலியும் மூச்சுத்திணறலும் வந்தால் முதலில் இதயத்தைச் சோதிப்பதே சரியான வழி. ஆனால் சோதனை இயல்பாக இருந்தால் 'ஒன்றுமில்லை' என்று முடித்துவிடுவது சரியன்று. திடீர்ப் பீதித் தாக்குதலின்போது உடல் உண்மையாகவே ஆபத்துக் கால நிலைக்குச் செல்கிறது. அட்ரினலின் சுரந்து இதயம் வேகமாகத் துடிக்கிறது, மூச்சு மேலோட்டமாகிறது. இது பொதுவாகச் சில நிமிடங்களில் உச்சத்தை அடைந்து தானாகத் தணியும். வலி பொய்யல்ல, அதன் காரணம்தான் வேறு என்று நோயாளிக்குப் புரியவைப்பதே சிகிச்சையின் முதல் படி. இது புரிந்த பிறகு, மூச்சை மெதுவாக உள்ளிழுத்து, அதைவிட நீண்ட நேரம் எடுத்து வெளிவிடும் பயிற்சி பலருக்குப் பயன் தருகிறது.

சிகிச்சையாளர் முதலில் கேட்பவை

முதல் சந்திப்பில் சிகிச்சையாளர் பெரிய தத்துவக் கேள்விகளைக் கேட்பதில்லை. எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள், எத்தனை வேளை சாப்பிடுகிறீர்கள், மது உண்டா, முன்பு பிடித்திருந்த எதை இப்போது விட்டுவிட்டீர்கள், மனதில் உள்ளதைச் சொல்ல யார் இருக்கிறார்கள் என்பவையே பெரும்பாலும் முதற் கேள்விகள்.

மேலே சொன்ன இளைஞரிடம் இவற்றைக் கேட்டால் படம் தெளிவாகும். பகலில் நான்கு மணி நேரமே தூக்கம். விழித்திருக்க நாளுக்கு ஏழெட்டு டீ. ஊரில் மாலை நேரம் விளையாடிய கைப்பந்து நின்றுபோய் ஓராண்டு. அம்மா போனில் கேட்டால் 'நல்லா இருக்கேன்' என்ற ஒரே பதில். அறையில் நான்கு பேர் இருந்தும் ஷிப்ட் வேறு வேறு என்பதால் யாரோடும் பேச்சில்லை. அவருடைய படபடப்பு காரணமின்றி வந்ததாக இனித் தோன்றாது.

தூக்கமும் ஷிப்ட் வேலையும்

மூளையில் உள்ள உயிர்க்கடிகாரம் வெளிச்சத்தைக் கொண்டு பகலையும் இரவையும் அறிகிறது. இந்தக் கடிகாரம் செல்களுக்குள் இயங்கும் முறையைக் கண்டறிந்த ஜெப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கு 2017-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. வாரந்தோறும் ஷிப்ட் மாறும்போது இந்தக் கடிகாரத்தால் உடனே மாற முடிவதில்லை. தூக்கம் குறையக் குறைய எரிச்சல், கவனக்குறைவு, பதற்றம், மனச்சோர்வு ஆகியவை கூடுகின்றன. மனச்சோர்வு வந்தபின் தூக்கம் மேலும் கெடுகிறது.

வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் தேவை. ஷிப்டை மாற்றும் உரிமை தொழிலாளியிடம் பெரும்பாலும் இல்லை. ஆனால் சிலவற்றைச் செய்ய இயலும்:

- இரவு வேலை முடிந்து வந்ததும் தூங்கும் அறையைக் கனமான துணியால் இருட்டாக்குதல்.
- ஒரே ஷிப்ட் நீடிக்கும் நாட்களில் தூங்கும் நேரத்தையும் எழும் நேரத்தையும் மாற்றாதிருத்தல்.
- வேலையின் பின்பாதியில் டீ, காபியைத் தவிர்த்தல். அவற்றில் உள்ள காபீன் பல மணி நேரம் உடலில் தங்குகிறது.
- தூங்குவதற்காக மது அருந்தாதிருத்தல். மது கண்ணை அயரச் செய்தாலும் தூக்கத்தின் பின்பாதியைக் குலைக்கிறது.
- 'பகலில் தூங்குகிறவன் சோம்பேறி' என்ற எண்ணத்தை வீட்டார் கைவிடுதல். இரவு வேலை செய்தவரின் பகல் தூக்கம் ஓய்வு அன்று, உடலின் தேவை.

எண்ணம், உணர்வு, செயல்

1960-களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் உருவாக்கிய அறிதல் சிகிச்சை, எண்ணமும் உணர்வும் செயலும் ஒன்றையொன்று இழுக்கின்றன என்ற அடிப்படையில் அமைந்தது. 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற எண்ணம் சோர்வைத் தருகிறது. சோர்வால் ஒருவர் வெளியே போவதை நிறுத்துகிறார். வெளியே போகாததால் நல்ல அனுபவம் எதுவும் நிகழ்வதில்லை. அதுவே முதல் எண்ணத்துக்குச் சான்றாகிவிடுகிறது.

இந்தச் சங்கிலியை எந்தக் கண்ணியில் வேண்டுமானாலும் உடைக்கலாம். பலருக்கு எளிதான கண்ணி செயல். மனம் சரியான பிறகு செய்யலாம் என்று காத்திராமல், சிறிய செயலை முதலில் செய்வது; மனம் அதைத் தொடர்ந்து வரும். செயல்தூண்டல் எனப்படும் இந்த முறையை மருத்துவப் பட்டம் இல்லாத, பயிற்சி பெற்ற ஆலோசகர்களைக் கொண்டு கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் சோதித்தார்கள். ஆறு முதல் எட்டு அமர்வுகளில் அது மனச்சோர்வைக் குறைத்தது என்ற முடிவு 2017-இல் லான்செட் இதழில் வெளியானது.

இளைஞரின் நிலையில், முதல் வாரத்துக்கான வேலை வாரம் இரண்டு நாள் கைப்பந்துக்குப் போவதாக மட்டும் இருக்கலாம். ஒரே நேரத்தில் யோகா, உடற்பயிற்சி, புத்தக வாசிப்பு என்று பட்டியல் போடுவது பெரும்பாலும் நான்காம் நாளே நின்றுபோகும். நின்றதும் குற்றவுணர்வு கூடும்.

கடன் போன்ற உண்மையான நெருக்கடிக்கு 'நேர்மறையாக எண்ணுங்கள்' என்பது பதிலாகாது. அங்கே சிகிச்சையாளர் கவலையையும் சிக்கலையும் பிரிக்கிறார். மொத்தக் கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு, எந்தத் தவணை முதலில், யாரிடம் அவகாசம் கேட்கலாம் என்று தாளில் எழுதச் செய்கிறார். எழுதுவதால் கடன் குறையாது. ஆனால் இரவு முழுவதும் தலையில் சுற்றிய ஒன்று, பகலில் செய்யவேண்டிய இரண்டு மூன்று வேலைகளாக மாறுகிறது.

நலம் விசாரித்தல்

தமிழில் 'நலம் விசாரித்தல்' என்பது சாதாரண மரியாதை. அதற்கு மருத்துவ மதிப்பும் உண்டு என்பதைக் காட்டும் முக்கியமான ஆய்வு ஒன்றில் சென்னையும் இடம்பெற்றது. உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு, பிரேசிலின் கம்பினாஸ், ஈரானின் கராஜ், சீனாவின் யுன்செங் ஆகிய ஐந்து இடங்களில், தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்த 1,867 பேரை வைத்து இதை நடத்தியது. ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் அளிக்கப்பட்டது. மற்றவர்களுக்கு அத்துடன் ஒரு மணி நேர உரையாடலும், அடுத்த 18 மாதங்களில் ஒன்பது முறை நேரிலோ தொலைபேசியிலோ நலம் விசாரிப்பும் சேர்க்கப்பட்டன.

2008-இல் வெளியான முடிவின்படி, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோரில் 2.2 விழுக்காட்டினர் பின்னர் தற்கொலையால் இறந்தனர். தொடர்ந்து விசாரிக்கப்பட்டோரில் இது 0.2 விழுக்காடு. தன்னை யாரோ நினைவில் வைத்துக் கேட்கிறார்கள் என்பது உயிரைக் காக்கக்கூடும் என்பதே இதன் பொருள். சென்னையில் 1986-இல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சினேகா தற்கொலைத் தடுப்பு மையமும் தன்னார்வலர்கள் காதுகொடுத்துக் கேட்பதையே தன் பணியின் அடிப்படையாகக் கொண்டது.

ஆப்பிரிக்காவின் ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006-இல் 'நட்பு பெஞ்ச்' என்ற முறையைத் தொடங்கினார. மருத்துவமனை வளாகத்து மர பெஞ்சில், பயிற்சி பெற்ற பாட்டிமார்கள் உட்கார்ந்து மக்களின் கவலையைக் கேட்டு, சிக்கலைப் பிரித்துப் பார்க்க உதவுகிறார்கள். கிருஷ்ணகிரி வட்டாரத்தில் இதற்கு இணையான அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. தமிழ்நாட்டின் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989-இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, கிருஷ்ணகிரியை உள்ளடக்கியிருந்த அன்றைய தருமபுரி மாவட்டத்தில்தான் தொடங்கின. பணம் கட்டும் கூட்டத்தில் ஒரு பெண் இரண்டு முறை வராவிட்டால் அதை முதலில் கவனிப்பவர்கள் அந்தக் குழுவினரே.

இதற்கு எல்லையும் உண்டு. தவணை நாளே சிலருக்கு மனஅழுத்தத்தின் காரணமாகிறது. சிறிய ஊரில் சொன்ன ரகசியம் தெரு முழுக்கப் பரவலாம் என்ற பயமும் நியாயமானது. ஆகவே கேட்பவருக்கு மூன்று கட்டுப்பாடுகள் தேவை: கேட்டதை வெளியே சொல்லாமை, பாதியில் அறிவுரை கூறாமை, 'இதெல்லாம் ஒரு கஷ்டமா' என்று ஒப்பிடாமை.

குடும்பம் என்னும் துணை

மனநோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்து அடைத்துவைப்பதே ஒரு காலத்தில் வழக்கம். 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் மருத்துவர் வித்யா சாகர், நோயாளிகளின் உறவினர்களை வளாகத்தில் கூடாரங்களில் தங்கவைத்துச் சிகிச்சையில் ஈடுபடுத்தினார். அதே பத்தாண்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் மனநல மையமும் குடும்பத்தினர் நோயாளியோடு தங்கும் முறையைக் கடைப்பிடித்தது. நோயின் இயல்பைக் குடும்பம் அறிந்துகொண்டால் குறைசொல்லும் பேச்சு குறைகிறது. மருந்து தவறாமல் நடக்கிறது.

குடும்பத்துக்கும் ஊருக்கும் உரிய இந்தப் பொறுப்பு தவறினால் என்ன ஆகும் என்பதை 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் நடந்த தீ விபத்து காட்டியது. தனியார் காப்பகம் ஒன்றில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் உள்ளிட்ட 28 பேர் அதில் இறந்தனர். கோயிலுக்கோ தர்காவுக்கோ செல்வது பலருக்கு ஆறுதல் தருகிறது. அதைச் சிகிச்சையாளர்கள் தடுப்பதில்லை. வழிபாட்டுக்காக மருந்தை நிறுத்துவதையும், கட்டிவைப்பதையும்தான் தடுக்கிறார்கள்.

சூழலை மாற்றுதல்

மனநலப் பொறுப்பு முழுவதையும் தனிமனிதரின் மனவுறுதி மீது போடுவது தவறு. சூழலில் செய்யும் சிறிய மாற்றமும் உயிர்களைக் காக்கும். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதி ஊர்களில், பூச்சிக்கொல்லியை வீட்டில் வைக்காமல் பூட்டும் பெட்டிகளைக் கொண்ட பொது இடத்தில் வைக்கும் முறையை லட்சுமி விஜயகுமாரும் உடன் பணியாற்றியோரும் சோதித்தனர். உழவர்கள் அதை ஏற்றுக்கொண்டனர். அந்த ஊர்களில் தற்கொலைகள் குறைந்ததை 2013-இல் வெளியான ஆய்வு பதிவுசெய்தது. தற்கொலை எண்ணம் பலருக்கு உச்சத்தில் இருப்பது குறுகிய நேரமே. அந்த நேரத்தைக் கடக்கச் செய்தால் பெரும்பாலோர் உயிர் பிழைக்கிறார்கள். வேளாண்மை நடக்கும் கல்லாவி போன்ற ஊர்களுக்கும் இது பொருந்தும்.

பள்ளிப் பொதுத்தேர்வில் தோற்றவர்கள் ஓராண்டு வீணாகாமல் உடனே எழுதும் துணைத்தேர்வும் இத்தகைய ஏற்பாடே. 'எல்லாம் முடிந்தது' என்ற எண்ணத்துக்கு, 'அடுத்த தேர்வு சில வாரங்களில்' என்ற பதிலை அது தருகிறது.

எப்போது மருத்துவ உதவி தேவை

தூக்கம், உரையாடல், சிறு செயல்கள் ஆகியவை மனநலத்தைப் பேணும். ஆனால் அவை நோய்க்கு மாற்று மருந்து அல்ல. கீழ்க்கண்டவை தென்பட்டால் மருத்துவரையோ ஆலோசகரையோ அணுகவேண்டும்:

- இரண்டு வாரங்களுக்கு மேல் பெரும்பாலான நாட்களில் சோர்வு, எதிலும் நாட்டமின்மை.
- வேலைக்கோ பள்ளிக்கோ போகமுடியாத அளவு பயம், தூக்கமின்மை.
- பிறருக்குக் கேட்காத குரல் கேட்பது, எல்லோரும் தனக்கு எதிராகச் சதி செய்வதாகத் தோன்றுவது.
- நிறுத்த நினைத்தும் நிறுத்தமுடியாத மதுப் பழக்கம்.
- சாவைப் பற்றிய பேச்சு, பிரியமான பொருட்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுதல், விடைபெறுவது போன்ற செய்திகள்.

கடைசியாகச் சொன்னது தென்பட்டால் காத்திருக்கக் கூடாது. 'சாகணும்னு தோணுதா?' என்று நேரடியாகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைப்பதில்லை. பேச வழி திறக்கிறது. அவரைத் தனியே விடாமல் உடனடியாக உதவி பெறவேண்டும்.

கிடைக்கும் உதவிகள்

2015–16-இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, வளர்ந்தவர்களில் சுமார் 10.6 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலச் சிக்கல் இருப்பதாகக் கண்டது. நோயைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காட்டினர் வரை சிகிச்சை பெறாமல் இருந்தனர்.

இந்த இடைவெளியைக் குறைக்கும் வழி ஓசூரின் எல்லைக்கு அப்பால், மிக அருகிலேயே தேடப்பட்டது. பெங்களூரின் நிமான்ஸ் நிறுவனம் 1970-களில் ஆனேக்கல் பக்கமுள்ள சகலவாரா கிராமத்தில் மையம் அமைத்து, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களும் கிராமப் பணியாளர்களும் மனநோயை அறிந்து சிகிச்சை அளிக்கப் பயிற்சி தந்தது. அந்த அனுபவம் 1982-இன் தேசிய மனநலத் திட்டத்துக்கும், பெல்லாரி மாவட்டச் சோதனை முயற்சிக்கும், 1996-இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டத்துக்கும் அடித்தளமானது. மனநல சிகிச்சைக்குப் பெருநகரம் போய்த்தான் ஆகவேண்டும் என்பதில்லை. அரசு மருத்துவமனையிலும் மாவட்ட மனநலத் திட்டத்தின் வழியாகவும் ஆலோசனையும் மருந்தும் இலவசமாகப் பெறலாம்.

2022 அக்டோபர் 10 முதல் டெலி மனாஸ் என்னும் அரசுத் தொலைபேசிச் சேவை 14416 என்ற எண்ணில் எல்லா நேரமும் இயங்குகிறது. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் பேசலாம். துயரத்தைத் தாய்மொழியில்தான் முழுமையாகச் சொல்லமுடியும் என்பதால், மும்மொழிப் பகுதிக்கு இது முக்கியம். தமிழ்நாடு அரசின் 104 சேவையிலும் மனநல ஆலோசனை கிடைக்கிறது.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநல சிகிச்சையை உரிமையாக்கியது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மனஅழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்படுவார், அவருக்கு அரசு பராமரிப்பு அளிக்கவேண்டும் என்கிறது அதன் 115-ஆம் பிரிவு. வழக்குக்குப் பயந்து சிகிச்சையை மறைக்கவேண்டியதில்லை.

முடிவாக

அந்த இளைஞரின் தவணை இன்னும் பாக்கி இருக்கும், ஷிப்டும் மாறாது. ஆனால் ஆறு மணி நேரத்துக்கு மேல் தூக்கம், வாரம் இரண்டு நாள் விளையாட்டு, படபடப்பின் காரணம் தெரிந்த தெளிவு, 'நல்லா இருக்கேன்' என்பதற்குப் பதிலாக 'இந்த வாரம் கஷ்டமா இருக்கும்மா' என்று சொல்ல முடிந்த ஒரு போன் உரையாடல் ஆகியவை அவருடைய நாளைத் தாங்கக்கூடியதாக மாற்றுகின்றன. அவை போதாமல் போகும் நாளில் 14416-ஐ அழைக்கத் தயங்காமையும் மனநலத்தின் ஒரு பகுதியே.